நாலாவது சுவரும் நாற்பது போத்தலும்

என் மனைவி எனக்கு வைத்த பெயர் அரைக்கிணறு. கோபத்தில் வைத்ததல்ல, நன்றாகக் கவனித்துப் பார்த்து வைத்தது. பிரெஞ்சு வகுப்பில் இரண்டாம் படியோடு நின்றவன் நான். கார் ஓட்டும் அனுமதிக்கு எழுத்துச் சோதனையில் பாஸாகிவிட்டு, ஓட்டிக் காட்டும் சோதனைக்குப் போகாமல் விட்டவன். ஒரு கிற்றார் வாங்கினேன். அது தூசி பிடிக்கப் பழகியது, நான் வாசிக்கப் பழகவில்லை. எல்லாவற்றிலும் பெரியது பேஸ்மென்ட். கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய வருடம், பேஸ்மென்ட்டுச் சுவர்களுக்குக் குளிர் தடுக்கும் பஞ்சு வைத்துப் பலகை அடிக்கத் தொடங்கினேன். மூன்று சுவர் முடிந்தது. வடக்குப் பக்கத்து நாலாவது சுவர் வெறும் கொங்கிறீற்றாகவே நின்றது. மாரியில் அதில் கையை வைத்தால் எலும்புவரை குளிரும்.

"கிணத்தை அரைவாசி தாண்டுறவன் எங்க போய் விழுவான் எண்டு தெரியுமோ?" என்று மனைவி கேட்பாள். தெரியும். விழுந்து விழுந்து எழும்பியவனுக்குத் தெரியாதா?

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் ஜன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். "வாளி வேணுமா, நான் வேணுமா" என்று அவருடைய மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மனைவியைத் தெரிவு செய்தார். வாளி எனக்கு வந்தது. பெரிய வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, அதன் மூடியில் செருகித் தண்ணீர் ஊற்றி வைக்கிற வளைந்த குழாய், போத்தலுக்குத் தகர மூடி அடிக்கிற கைக்கருவி, அரை லீற்றர் போத்தல் நாற்பது, பியரில் இன்னும் எவ்வளவு இனிப்பு மிச்சம் என்று காட்டுகிற ஒரு கண்ணாடி மானி. எல்லாவற்றையும் தன் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு "பொன் ஷான்ஸ்" என்றார். அதிர்ஷ்டம் வரட்டும் என்று வாழ்த்துகிறார் என நினைத்தேன். அனுதாபப்பட்டிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

வேலை பார்வைக்குச் சுலபம். கடையில் தகரத்தில் வருகிற மால்ட் பாகைத் தண்ணீரில் காய்ச்சி, வாளியில் ஊற்றி, ஆறவிட்டு, மேலே ஈஸ்டைத் தூவி மூடவேண்டும். ஈஸ்ட் இனிப்பைத் தின்று தின்று அதை மதுவாக்கும். அப்போது வருகிற காற்று அந்த வளைந்த குழாயின் தண்ணீருக்குள்ளால் "புளுக், புளுக்" என்று வெளியே போகும். சத்தம் கேட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர் மன்னாரில் கள்ளுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. காலையில் இறக்கினால் மத்தியானத்துக்குள் தானே நுரைத்துக்கொண்டு நிற்கும். பியரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். மன்னார் வெயிலையும் என் வடக்குச் சுவரையும் ஒரு தராசில் வைத்தது என் மடத்தனம்.

முதல் வாளியை டிசம்பரில் பேஸ்மென்ட்டில் வைத்தேன். ஐந்து நாட்கள் வேலையால் வந்ததும் வராததுமாகக் குழாயில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஈஸ்ட் செத்துப்போனது என்று முடிவுகட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் ஊற்றினேன். ஊற்றும்போதுதான் ஓரத்தில் மெல்லிய நுரை கட்டியிருப்பது தெரிந்தது. குளிரில் அது அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு எழும்பியிருக்கிறது. அரை வாளி போய்விட்டது, மிச்சத்தை வைத்து என்ன செய்வது என்று அதையும் ஊற்றினேன்.

அந்த நத்தாருக்கு வழக்கம்போலப் பாலம் தாண்டிப் புரோசார்ட்டுக்கு, மச்சான் வீட்டுக்குப் போனோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர், முதல் இரண்டு வருடம் தன் வீட்டில் இடம் தந்தவர். நத்தாரும் ஈஸ்டரும் அவருடைய வீட்டில்தான். சொந்தக்காரர், கோவிலில் பழகிய குடும்பங்கள் என்று எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். நாங்கள் சாப்பிட்டு, மிஞ்சிய கறியைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வருவோம். நல்ல மனிதர். அதுதான் சங்கடம். ஒன்பது வருடமாக நன்றி சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு வாய் உளைந்துபோயிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவள் திடீரென்று சொன்னாள். "அண்ணை, இந்த ஈஸ்டருக்கு எல்லாரும் எங்கட வீட்டுக்கு வாங்கோ."

மச்சானுக்குச் சந்தோஷம்தான். சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வாறம், வாறம். அதுக்குள்ள மச்சான்ட பியரும் வந்திடுமோ?"

குளியலறைக் கதை அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. மேசை முழுவதும் சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. "வரும்" என்றேன், அத்தனை பேருக்கும் கேட்க.

திரும்பி வருகிறபோது கார் ஓட்டியது மனைவி. கார் பாலத்தில் ஏறியது. பிறகு, "வரும் எண்டு ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "வராட்டி சனம் சிரிக்கப்போறது உங்களைப் பார்த்து இல்லை. உங்களைப் பார்த்து ஏற்கனவே சிரிச்சு முடிஞ்சுது. என்ர வீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கப்போகுது."

அந்தக் காருக்குள் இருந்துகொண்டே தீர்மானித்தேன்: ஈஸ்டர் எங்கள் வீட்டில், மேசையில் என் பியர்.

இரண்டாவது வாளி ஜனவரியில். இந்த ஊரில் தோசை மா பொங்குவதற்கு எல்லாத் தமிழ் வீடுகளிலும் ஒரே வழிதான், கேக் சுடுகிற அவணுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிடுவது. வாளி அவணுக்குள் போகாது. அளந்தும் பார்த்தேன். ஆகவே குசினி ஹீற்றரோடு ஒட்டவைத்துக் கட்டிவிட்டேன். இரண்டாம் நாளே சத்தம் வீட்டை நிறைத்தது. நாலாம் நாள் வாளியிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரின் மணம் வந்தது. சூடு கூடினால் அப்படித்தானாம். அதையும் ஊற்றினேன். வாளியைக் கழுவும்போது கண்ணாடி மானியும் கை தவறி உடைந்தது.

"குளிரிலயும் சாகுது, சூட்டிலயும் சாகுது" என்றாள் மனைவி. "உங்களுக்கு ஏத்த செல்லப்பிள்ளைதான்."

அப்படியே, ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலத்துக்கு ஒவ்வொருவரும் ஓர் ஒறுத்தல் எடுப்போம். பத்து வயது மகள் சொக்கிலேற்றை விட்டாள். மனைவி தேத்தண்ணிக்குச் சீனியை விட்டாள். அதை இலேசாக நினைக்கக் கூடாது. ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி போடுகிறவள் அவள். தேத்தண்ணியைச் சாட்டிச் சீனி குடிக்கிறாள் என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. நான் வருடாவருடம் மதுவை விடுவேன். வருடாவருடம் நாலாவது கிழமை யாராவது ஒருவருடைய பிறந்தநாளில் என் ஒறுத்தல் முறியும். அந்த முறை இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். ஈஸ்டர்வரை ஒரு சொட்டு நாக்கில் படாது. ஈஸ்டருக்கு நாற்பது போத்தல் பியர் மேசையில் நிற்கும்.

விபூதிப் புதன் கழிந்த சனிக்கிழமை மூன்றாவது வாளியைக் காய்ச்சினேன். பேஸ்மென்ட்டில் சுடுதண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் வைத்து, உறங்கும் பையால் சுற்றி, அதற்கு மேல் என் பழைய குளிர்கோட்டைப் போட்டு சிப்பை இழுத்துவிட்டேன். வெறும் நாலாவது சுவர் ஆறடி தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பலகை அடித்தால் நல்லது என்று எனக்குத் தெரியும். பஞ்சும் பலகையும் மூலையில் சாத்திவைத்தபடி இருந்தன. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு கம்பளியை ஆணியில் தொங்கவிட்டேன்.

ஆனால் மற்றப்படி அந்த முறை நான் பழைய ஆளாக இருக்கவில்லை. விடிய எழும்பியதும் வெறும் பிளாஸ்டிக் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, கோட்டுக்குள் வாளியைச் சுற்றி அடுக்குவேன். பிறகு பஸ், பஸ்ஸால் இறங்கி இன்னொரு பஸ், வேலை. மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு ஆறிய போத்தல்களை எடுத்துப் புதிதாகச் சுடுதண்ணீர் வைப்பேன். பனி கொட்டி பஸ் வராத நாளிலும், காய்ச்சல் வந்த இரண்டு நாளிலும் தவறவில்லை. மூன்றாம் நாள் மாலை படியில் இறங்கும்போதே கேட்டது: புளுக். நான் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். "பிள்ளைக்கு விக்கல்போல" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். நாலாவது கிழமை ஒரு பிறந்தநாளும் வந்தது. நான் தோடம்பழச் சாறு குடித்தேன்.

மார்ச்சில் ஒரு கிழமை குளிர் திரும்பி வந்து கடித்தது. வாளியின் சத்தம் குறைந்து, ஒருநாள் அறவே நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தகரத்தோடு வந்த துண்டுத்தாளில் தெளிவாக எழுதியிருந்தது: சத்தம் நின்றது மட்டும் போதாது, மானியால் அளந்து பார், மானி இல்லையென்றால் நாக்கில் வைத்துப் பார், இனிப்புத் தட்டினால் ஈஸ்ட் இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை. மானியை உடைத்தாயிற்று. நாக்கு ஒறுத்தலில் இருந்தது.

"ஒரு கரண்டி நாக்கில வைச்சுப் பாக்கிறது குடிக்கிறதாகுமோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஆகாதெண்டால் ஏன் என்னட்டக் கேக்கிறியள்?" என்றாள் அவள்.

நியாயம்தான். ருசி பார்க்கவில்லை. ஈஸ்டருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, நுரைப்பதற்கென்று போத்தலுக்கு அரைக் கரண்டி சீனியும் போட்டு, நாற்பதையும் நிரப்பி மூடி அடித்தேன். துண்டுத்தாள் சூடான இடத்தில் வைக்கச் சொன்னது. ஆகவே மேல்வீட்டில், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலுமாரியில் அடுக்கினேன். குளிருக்குள் பாதி வேலையில் தூங்கிப்போன ஈஸ்டைச் சீனியும் கொடுத்து, சூடும் கொடுத்து, மூடியும் அடித்து எழுப்பிவிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. பக்தி முற்றினதால் வந்த பிழை அது. வேறு சனம் என்றால் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கும்.

பெரிய வெள்ளி காலை எங்கள் வீட்டில் பசாம். ஆண்டவருடைய பாடுகளை ஒப்பாரிபோலப் பாடுவது அது. தவக்கால வெள்ளிகளில் வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும். பெரிய வெள்ளியை மனைவி கேட்டு வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அதுவே ஒத்திகை. நிலத்தில் வெள்ளைச் சீலை விரித்து, ஆண்டவருடைய சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளைகள் குளிரில் நடுங்கக் கூடாது என்று ஹீற்றரையும் கூட்டிவிட்டாள். மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருக்குக் கணீரென்ற குரல். அவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அடுத்த அடியை எடுப்பார்கள்.

ஆண்டவர் சிலுவையோடு விழுகிற இடம். மச்சான் கண்ணை மூடிக் குரலை இழுத்தார். படிக்கட்டுக்குக் கீழே 'டொம்' என்றது.

பாட்டு நின்றது. "தண்ணி டாங்கியோ?" என்றார் மச்சான். பதிலுக்கு இன்னொரு டொம். பிறகு கண்ணாடி சிதறி அலுமாரிக் கதவில் படுகிற சத்தம். "அப்பான்ட பியர்!" என்று மகள் கத்தினாள். அலுமாரிக் கதவுக்குக் கீழால் மண்ணிறத்தில் ஓர் ஓடை புறப்பட்டு, நுரைத்துக்கொண்டு, வெள்ளைச் சீலையை நோக்கி வந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினார்கள். மணம் வீடு முழுக்கப் பரவியது. பெரிய வெள்ளியன்று, சுருவத்துக்கு முன்னால், அசல் கள்ளுத் தவறணை மணம்.

நான் ஜன்னல் தொழிற்சாலைக்காரன். வேலைக்குப் போட்டுப் போகிற கண்ணாடியும் தடித்த கையுறையும் வாசலில்தான் கிடந்தன. அவற்றை மாட்டி, குளிர்கோட்டைப் போட்டு, சோற்றுப்பானை மூடியை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தேன். ஆறு போத்தல் போயிருந்தது. மிச்சத்தை ஈரத் துவாய்களால் மூடி, உடுப்புக் கூடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். அந்த வருடம் ஈஸ்டர் முந்தி வந்திருந்தது. வடக்குப் பக்கத்தில் முழங்கால் அளவு பனி இன்னும் கிடந்தது. முப்பத்துநாலு போத்தலையும் கழுத்துவரை பனியில் புதைத்தேன்.

திரும்பி வந்தபோது மனைவி நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மச்சான் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, பெரிய மனிதராகவே, மெதுவாகச் சொன்னார். "விடு பிள்ளை. ஒண்டும் யோசியாத. ஞாயித்துக்கிழமை வழமைபோல எங்கட வீட்டில வைப்பம். அதைவிடச் சுகம் வேற இல்லை."

அவள் துடைத்த கை நின்றது. "ஓம்" என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"இல்லை மச்சான்" என்றேன் நான். பானை மூடி இன்னும் கையில் இருந்தது. "ஞாயிறு இஞ்சதான்."

"மச்சான், நீர் இதை..."

"இஞ்சதான். பசாமை முடிப்பம், வாங்கோ."

அவர் என்னையும் மூடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பாடினார். தவறணை மணத்துக்குள் ஆண்டவரைக் கல்லறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

சனிக்கிழமை காலை, பனியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துவந்து குசினித் தொட்டிக்குள் வைத்து மெல்ல மூடியை நெம்பினேன். சீறிக்கொண்டு நுரை வந்து, அடங்கி, முக்கால் போத்தல் மிஞ்சியது. ஒரு கிளாசில் ஊற்றினேன். நல்ல நிறம், நல்ல மணம். இனிப்பு இல்லையென்றால் பிழை நான் போட்ட சீனியில்தான். எல்லாவற்றையும் திறந்து காற்றை விட்டு, திரும்பவும் மூடி அடித்தால் சரி. இனித்தால் ஈஸ்ட் இன்னும் தின்று முடிக்கவில்லை. பனியை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெடிக்கும். எது என்று தெரியாமல் மிச்ச முப்பத்துமூன்று போத்தலைப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அறிய ஒரு வழிதான் இருந்தது.

கிளாசைத் தூக்கினேன். மூக்குவரை வந்துவிட்டது.

"வையுங்கோ அதை" என்றாள் மனைவி, பின்னால் இருந்து. "இண்டைக்கு ஒரு நாள்தானே கிடக்கு. நாப்பது நாளையும் இப்ப விடப்போறியளோ?"

"வேற ஆர் பாக்கிறது? உம்மட அண்ணரைக் கூப்பிடட்டோ?"

அவள் முகத்தில் ஒரு கோபம் வந்து போனது. கிளாசை என் கையிலிருந்து வாங்கினாள். "நான் விட்டது சீனி. இது பியர். நீங்கள் உங்கடையை முடியுங்கோ."

அதுவரை தன் வாழ்நாளில் அவள் மது தொட்டதில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். ஆறு கிழமைக்கு மேல் சீனி காணாத நாக்கு அது. எந்த மானியும் அதற்குக் கிட்ட வராது. கண்ணை மூடி வாய்க்குள் வைத்திருந்தாள். விழுங்கினாள்.

"இனிக்குது" என்றாள்.

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். "அப்ப வைச்சிருக்க ஏலாது. இண்டைக்குப் பனியில கிடந்தால் நாளைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

"நாளைக்குள்ள எல்லாம் முடிய வேணுமோ?"

"முடிய வேணும்."

அவள் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "அப்ப முடிப்பம்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கதிரையில் இருந்தாள். முதலில் தன் அண்ணனுக்கு. "அண்ணை, நாளைக்கு இஞ்சதான். பூசை முடிய நேர வாங்கோ." பிறகு பசாமுக்கு வந்த எல்லோருக்கும். பிறகு வராதவர்களுக்கும். நான் தொட்டியடியில் நின்று ஒவ்வொரு போத்தலாகத் திறந்து, காற்றை விட்டு, மூடி அடித்து, திரும்பவும் பனியில் நட்டேன். முழுப் பகலும் போனது. விரல்கள் விறைத்து உணர்ச்சி கெட்டுப்போயின. ஒன்றையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் சப்பாத்து வைக்க இடமில்லை. ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் சுடச்சுடப் போய்க்கொண்டிருக்க, நான் பின்வளவுக்கும் குசினிக்கும் நடந்து நடந்து போத்தல்களைப் பனியிலிருந்து பிடுங்கி வந்தேன். என் முதல் கிளாசை எல்லோருக்கும் முன்னால் குடித்தேன். அரைப் பதத்தில் பிடித்துவைத்த பியர் அது, புளிக்காத இனிப்புக் கருப்பணியும் இல்லாமல் கள்ளும் இல்லாமல் ஓர் இடைநடு. ஆனால் குடிக்கலாம். மச்சான் ஒரு வாய் எடுத்தார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் இனிப்பாக் கிடக்கு, மச்சான்" என்றார். நான் காத்துநின்றேன். அவர் மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளாசை நீட்டினார். "ஊத்தும்."

நாலு மணிக்குள் முப்பத்துமூன்று போத்தலும் முடிந்தது. போகும்போது மச்சான் வாசலில் நின்று, "அடுத்த ஈஸ்டரும் இஞ்சயோ?" என்று பாதி பகிடியாகக் கேட்டார். "ஓம் அண்ணை, இஞ்சதான்" என்றாள் என் மனைவி. மிஞ்சிய கறியை ஒரு பெட்டியில் போட்டு அவருடைய கையில் கொடுத்தாள். "நன்றி பிள்ளை" என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை அவள் எப்படி வாங்கிக்கொண்டாள் என்பதை நான் பார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு அவள் இரண்டு தேத்தண்ணி ஊற்றினாள். என்னுடையதற்குச் சீனி போட்டாள். தன்னுடையதை அப்படியே எடுத்துக் குடித்தாள்.

"ஈஸ்டர் வந்திட்டுதெல்லோ" என்றேன். "சீனி போடும்."

"எனக்கு இன்னும் வரேல்லை. நேற்று முறிஞ்சது. நேற்றிலயிருந்து நாப்பது நாள்."

"அது பியரெல்லோ. நீர்தானே சொன்னனீர்."

"இனிச்சதெல்லோ" என்றாள் அவள், சாதாரணமாக. பிறகு கோப்பைகளைக் கழுவப் போனாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஒறுத்தல் முழுதாக முடிந்தது என்று அன்று காலை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதற்காகத் தன்னுடையதை உடைத்தவள், அதை முதல் நாளிலிருந்து தொடங்கிவிட்டாள். நான் கோப்பையை வைத்துவிட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனேன். கம்பளியைக் கழற்றினேன். மூலையில் சாத்தியிருந்த பஞ்சையும் பலகையையும் சுவரடிக்கு இழுத்தேன்.

மூன்று சனி ஞாயிறு எடுத்தது. அழகாக அடித்தேன் என்று சொல்லமாட்டேன். இடது மூலையில் கை நுழைகிற ஓர் இடைவெளி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சுவர் முடிந்தது. முடிந்த அன்றே நாலாவது வாளியைக் காய்ச்சி, அந்தச் சுவரோடு சேர்த்து வைத்தேன். வெளியே வசந்தம் வந்துவிட்டது, குளிர் எப்படியும் குறைந்திருக்கும் என்று மச்சான் சொல்வார். சொல்லட்டும். சத்தம் இரண்டாம் நாளே தொடங்கி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, தானாகவே நின்றது. நின்ற பிறகும் நான் ஒரு கிழமை காத்திருந்தேன். துண்டுத்தாள் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னது. என் நாக்குக்கு இப்போது தடை எதுவும் இல்லை. ஆனாலும் வைக்கவில்லை. வேறொரு நாக்குக்காக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய நாற்பது நாளும் முடிந்து ஒரு வியாழக்கிழமை விடிந்தது. அவள் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுச் சீனிப் போத்தலை எடுக்கக் கையை நீட்டினாள். "கொஞ்சம் பொறும்" என்று சொல்லிவிட்டு, நான் வாளியிலிருந்து ஒரு கரண்டி பியரை எடுத்து, படியில் சிந்தாமல் கொண்டுவந்து அவளிடம் நீட்டினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கி நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். விழுங்கிவிட்டு, திரும்பவும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"இனிக்கேல்லை" என்றாள்.

பிறகு சீனிப் போத்தலைத் திறந்து, தன் தேத்தண்ணிக்கு இரண்டரைக் கரண்டி போட்டுக் கலக்கினாள்.